இடம் கேட்டு வந்தவர்கள்

சூசையப்பரின் கன்னத்துக்குக் குறுக்கே ஒட்டுக்கோடு ஓடியது. அந்தக் கோடு அங்கே ஓட வழியே இல்லை.

காய்கறிப் பையைக் கையில் தொங்கவிட்டபடி, லாண்டரிக்குப் பக்கத்துக் காலி மனையில் நின்று ஹசிந்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒன்பது சாயங்காலமும் தெருவில் போகிற ஊர்வலத்தை அந்தச் சுவர் முழுக்க அவள் வரைந்திருந்தாள். மாதாவைக் கழுதைமேல் ஏற்றி, சூசையப்பர் கயிற்றைப் பிடித்து நடக்க, பின்னால் தெரு சனம் மெழுகுவத்தியோடு, தங்க இடம் கேட்டுப் போகிறார்கள். சுவரில் நேரடியாக வரைந்தது இல்லை. இலையுதிர் காலத்தில் வீட்டு நிலவறையில் துணித் துண்டுகளில் வரைந்து, பிறகு ஏணி போட்டுப் பசை தடவி ஒட்டியது. இரண்டு துண்டு சேருமிடத்தில் மயிரிழைக் கோடு தெரியத்தான் செய்யும். அதனால்தான் எந்த முகத்திலும் கோடு விழாதபடி அவள் பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தாள்.

பனியில் துணி இழுத்துக்கொண்டிருக்கும் என்று முதலில் நினைத்தாள். கிட்டே போய் விரலால் தடவினாள். துணி நகரவில்லை. அவள் ஒட்டிய அதே இடத்தில், கேஸ் மீட்டர் பெட்டிக்கு நேர் மேலே, கோடு அப்படியே இருந்தது. முகம்தான் கோட்டுக்கு வந்திருந்தது.

கடையில் வாங்கிய தக்காளி நசுங்கியிருந்தால்கூட யாரோ வேண்டுமென்றே அமுக்கியிருக்கிறார்கள் என்று நம்புகிற பெண் ஹசிந்தா. பேய் பிசாசு என்று அவள் புத்தி போகாது, ஆளைத்தான் தேடும். ஆளும் உடனே கிடைத்தான். எவோடியோ. அந்தச் சுவரில் இருபது வருஷமாக அவன் வரைந்த கழுகும் சோளக்கொல்லையும் இருந்தன. உரிந்து தொங்கிப்போன அதைச் சுரண்டிவிட்டுத்தான் தெருக்காரர்கள் ஹசிந்தாவிடம் சுவரைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவன் அவள் முகத்தில் முழிப்பதில்லை.

பையோடு நேராக அவன் கடைக்குப் போனாள். கடைப்பலகை எழுதுகிற சின்ன இடம், டர்பன்டைன் வாடை மூக்கைத் துளைத்தது. எவோடியோ ஒரு இறைச்சிக் கடைக்காகப் பன்றித் தலை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தான்.

"நீதானே?" என்றாள்.

"வந்ததும் வராததுமா என்ன நானு?"

"என் சுவத்துல கை வச்சிருக்கே. சூசையப்பரைத் தள்ளி வரைஞ்சிருக்கே."

அவன் தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு அடுப்பிலிருந்த பாத்திரத்தைக் காட்டினான். "உக்காரு மேஸ்திரியம்மா. சாக்லேட் கஞ்சி இருக்கு, சூடா."

"கஞ்சி குடிக்க வரலை."

"சரி, நின்னுக்கிட்டே கேளு. இந்தக் குளிர்ல சுவத்துல சாயம் நிக்குமா? இப்ப வச்சா இப்பவே வழிஞ்சு தரையில கிடக்கும். உனக்குத் தெரியாததையா நான் சொல்றேன்? உன் மேல எனக்குக் கோவம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா கோவத்துக்காக விரலை விறைக்க வச்சுக்கிற வயசு எனக்குத் தாண்டிப்போச்சு."

அவன் சொன்னதில் ஞாயம் இருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஹசிந்தா, நானே உன்னைக் கேக்கணும்னு இருந்தேன்" என்றான் அவன். குரலில் கிண்டல் இல்லை. "லௌரோ காலடியில ஏன் பூ போடலை?"

அவள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"செத்தவங்களைச் சுவத்துல வரைஞ்சா காலடியில செண்டுமல்லி வைக்கணும், இல்லாட்டி தலைக்குப் பின்னாடி வட்டம் போடணும். நேத்து சாய டப்பா தூக்க ஆரம்பிச்சவனுக்குக்கூடத் தெரியும். நீ என்னடான்னா அவனை உயிரோட இருக்கிறவங்களோட சேத்து நடக்க விட்டிருக்கே. அதுவும் இடம் கேட்டு."

"தங்கச்சி பூ வேண்டாம்னா."

"அவ சொல்லுவா. புருசனைப் பறிகொடுத்தவ என்ன வேணும்னாலும் சொல்லுவா. வரைஞ்சவ நீதானே?"

மாரிக்ரூஸ் ஹசிந்தாவின் தங்கை. அவள் புருசன் லௌரோ கோடையில் கூரை வேலைக்குப் போன இடத்தில் விழுந்து செத்தான். அப்போது அவளுக்கு வயிற்றில் நாலு மாதம். மாதாவுக்கு அவள் முகத்தையும் சூசையப்பருக்கு லௌரோவின் முகத்தையும் வைக்கலாம் என்று ஹசிந்தாதான் நினைத்தாள், ஏதோ ஆறுதலாக இருக்கட்டும் என்று. செண்டுமல்லி எழுதத் தொடங்கிய அன்று தங்கை நிலவறைப் படியில் உட்கார்ந்துகொண்டு, "பூ வச்சா செத்துட்டார்னே ஆயிடும்கா" என்று அழுதாள். ஹசிந்தா ஆரஞ்சு டப்பாவை மூடிவிட்டாள். லௌரோவின் முகத்தைப் பார்த்த மற்ற வீட்டுக்காரர்களும் செத்துப்போன தங்கள் ஆட்களின் படத்தோடு வந்தார்கள். அவர்களுக்குப் பூ வைத்து லௌரோவுக்கு மட்டும் விட்டால் தங்கைக்கு உறுத்துமே என்று எல்லாரையும் பூவில்லாமலே எழுதினாள். இறைச்சிக் கடை நிக்கனோர், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் ஒபீலியா மாதிரி உயிரோடு இருப்பவர்களும் இந்தச் செத்தவர்களும் தோளோடு தோளாக நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலரைதான், ஆனால் வெளிச்சம் போய்விட்டிருந்தது. குளிர்காலத்தில் சிகாகோவில் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது, மதியம் முடிந்ததும் இருட்டுதான். முன்னறையில் சுவரோர இரும்பு ஹீட்டர் சீறிக்கொண்டிருந்தது. அந்தச் சீறலுக்கு அடியில், சமையலறையில் கொதிக்கும் சோள மாவு வாடைக்கும் ஈரக் கம்பளி வாடைக்கும் நடுவே, ஹசிந்தாவின் மூக்கு வேறொன்றைப் பிடித்தது. டப்பாவை இப்போதுதான் திறந்தது போன்ற ஈரச் சாய வாடை. நிலவறைக்கு இறங்கிப் பார்த்தாள். எல்லா டப்பாவும் மூடி இறுகி, தூசி படிந்து கிடந்தன.

மாரிக்ரூஸ் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காலி மனைக்கு அந்தப் பக்கம் லாண்டரிச் சுவர் அந்த ஜன்னலில் முழுசாகத் தெரியும். மடியில் பாதி பின்னிய குழந்தைக் குல்லாய் கிடந்தது.

ஹசிந்தாவின் சந்தேகம் இப்போது எவோடியோவை விட்டுத் தங்கைமேல் வந்து உட்கார்ந்தது. துக்கத்தில் புத்தி பேதலித்து இவளே ஏதாவது செய்கிறாளோ? பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து, ஆதரவாகத் தடவுவது போல நகக்கண்களைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தன.

"என் கையில என்ன தேடறே?"

"ஒண்ணுமில்லை. சில்லுனு இருக்கு."

"நேத்து அந்த மீட்டர் பெட்டிக்கு அந்தாண்டை இருந்தார்கா" என்றாள் மாரிக்ரூஸ், பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போல. "இன்னைக்குக் கிட்ட வந்துட்டார். நீ பாக்கலையா?"

"யாரைச் சொல்றே?"

"உனக்குத் தெரியாதா, யாருன்னு?"

ஹசிந்தா எழுந்து திரைச்சீலையை இழுத்து மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது அது மறுபடி திறந்திருந்தது.

மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். தெரு ஊர்வலத்தின் கடைசிச் சாயங்காலம். விடிந்ததிலிருந்து பனி கொட்டி, மதியத்துக்குக் கொஞ்சம் ஓய்ந்ததும் அவள் மனைக்குப் போனாள். நடுப்பகல் சாம்பல் வெளிச்சத்தில் சுவர் எதையும் ஒளிக்காமல் நின்றது.

நிக்கனோர் பழைய இடத்தில் இருந்தான். ஒபீலியாவும் அவள் எழுதிய இடத்திலேயே, எழுதிய சிரிப்போடு. அவர்களுக்கு முன்னால் ஆள் இல்லை. வெறும் நீல வானத்துக்கு மெழுகுவத்தி பிடித்துக்கொண்டிருந்தார்கள். செத்தவர்கள் மட்டும் முன்னால் போயிருந்தார்கள்.

சுவரின் தெருப்பக்க முனையில் ஊர்வலம் போய்ச் சேர வேண்டிய சத்திரத்துக்கு ஒரு கதவை அவள் எழுதியிருந்தாள். அந்தக் கதவை அவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை. அதைத் தாண்டிச் சுவர் முடிகிற விளிம்பில் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியபடி நின்றார்கள். எல்லா முகமும் அவள் வீட்டை நோக்கித் திரும்பியிருந்தது. முன்வரிசையில் லௌரோ. கன்னத்தில் இப்போது கோடு இல்லை. கையில் கயிறு, கயிற்றில் கழுதை.

கழுதையின் முதுகு காலியாக இருந்தது.

மாதா வெகு தூரம் பின்னால், பழைய இடத்தில் இருந்தாள். நீல முக்காடும் தங்கையின் முகமுமாக, கால்கள் தொங்க, இல்லாத பிடரியில் ஒரு கை வைத்து அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருப்பவளின் முகம், அதனால் அசையவில்லை. அப்படியானால் ஏறுவதற்கு ஆள் இல்லாத கழுதையை அவன் எதற்கு ஓட்டிக்கொண்டு வருகிறான்?

ஹசிந்தா ஓடிப்போய் ஆரஞ்சு டப்பாவைக் கொண்டுவந்தாள். பனியில் முழங்கால் ஊன்றி, லௌரோவின் காலடியில் செண்டுமல்லி எழுதினாள். முதல் பூ பிடித்தது போலிருந்து, பிறகு மெல்ல இறங்கி, சுவரை விட்டு வழிந்து பனியில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. எவோடியோ சொன்னது சரி, இந்தக் குளிரில் சாயம் நிற்காது. ஆனால் பூவைத் துடைத்த விரல் லௌரோவின் செருப்பில் பட்டபோது அந்தச் சாயம் ஈரமாக இருந்தது. ஈரம் மட்டும் இல்லை. சூடு.

எழுந்தவள் பார்த்தாள். சுவர் விளிம்புக்கும் வீட்டுக்கும் நடுவே பனி சுத்தமாகக் கிடந்தது, ஒரு காலடிகூட இல்லை. ஆனால் அந்தப் பனியில் மெழுகு சொட்டியிருந்தது. மஞ்சள் சொட்டுகள், சுவரிலிருந்து வீட்டுப் பக்கமாக, பாதி தூரம் வரை.

"எழுந்திரு, எவோடியோ கடைக்குப் போயிடலாம்" என்றாள், வீட்டுக்கு ஓடிவந்து, தங்கையிடம்.

"ஐஸ்ல நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதை நீதானே தினமும் ஓதறே."

"நான் பிடிச்சுக்கறேன்."

"நான் வரலைக்கா." மாரிக்ரூஸ் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள், கெஞ்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "வீட்டுக்கு வர்றவர் வீடு பூட்டிக் கிடந்தா என்ன நினைப்பார்?"

ஹசிந்தாவுக்கு ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. அதோடு அவளைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கதவைத் தாழிட்டாள். விளக்குகளை அணைத்தாள். அடுப்பை அணைத்தாள். முன்னறைக்குத் தங்கையைக் கூட்டிவந்து, ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தாள். இருட்டாகவும் சத்தமில்லாமலும் இருக்கிற வீட்டை ஊர்வலம் தாண்டிப் போய்விடும். அது அந்தத் தெருவின் வழக்கம். உள்ளேயிருந்து பதில் பாட்டு வந்தால்தான் நிற்பார்கள். வெளியே இருப்பவர்கள் இடம் கேட்டுப் பாட, உள்ளே இருப்பவர்கள் இல்லை போ என்று பாட, கேட்டும் மறுத்தும் கடைசியில் மனம் இரங்கிக் கதவைத் திறக்க வேண்டும். தொடங்கிய பாட்டைப் பாதியில் விட்டவர்கள் கிடையாது. ஹசிந்தா வருஷா வருஷம் உள்ளே நின்று மறுக்கிற கூட்டத்தில் பாடுபவள், தொண்டை கனமான தொண்டை.

ஹீட்டர் சீறியது. வெளியே இருட்டியது. குழாய்க்குள் எங்கோ தண்ணீர் தட்டியது. தொலைவில் கோயில் பக்கமிருந்து கிடாரும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. தெருவின் நிஜ ஊர்வலம் இப்போதுதான் அங்கே கிளம்புகிறது. இங்கே வர நேரமாகும். அதைக் கேட்டதும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போது வாசற்படியில் குளம்புச் சத்தம்.

மெழுகு வாடை கதவிடுக்கில் நுழைந்தது. அதன் பின்னாலேயே ஈரச் சாய வாடை, கண் எரிகிற அளவுக்கு. துணி உரசும் சத்தம், நிறையப் பேர் நெருக்கியடித்து நிற்கும்போது கேட்பது. யாரோ இருமினார்கள். பிறகு கதவில் விரல் மடக்கித் தட்டும் ஓசை.

பாட்டு ஆரம்பித்தது.

பல குரல்கள், ஆனால் முன்னே நின்றது ஒன்று. சூசையப்பர் பாடுகிற அடிகளை வருஷா வருஷம் லௌரோதான் பாடுவான். அவனுக்குச் சுருதி நிற்காது, அடியின் கடைசியில் தடுக்கி விழுந்தது போல இறங்கிவிடும். தெருவே சிரிக்கும். இந்தக் குரலும் கடைசியில் இறங்கியது.

மாரிக்ரூஸ் நிமிர்ந்தாள். இருட்டில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. பதில் பாட வாய் திறக்கிறாள் என்று ஹசிந்தாவுக்குப் புரிந்தது. எந்த அடியைப் பாடுவாளோ என்ற பயத்தில், தங்கையின் வாயைப் பொத்திப் பிடித்தபடி, தானே முந்திக்கொண்டாள். இடம் இல்லை, போய்விடு என்ற அடியை முழுத் தொண்டையில் பாடினாள்.

பாடி முடித்த பிறகுதான் தான் செய்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது.

உள்ளேயிருந்து பதில் போய்விட்டது. இனி அவர்கள் தாண்டிப் போக மாட்டார்கள்.

வெளியே அடுத்த அடி. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். ஆனால் நினைவு தெரிந்த நாளிலிருந்து பாடிய வாய், கேள்வி வந்தால் பதில் சொல்லிப் பழகிய நாக்கு. பாடினாள். மறுத்தாள். வெளியே மறுபடி கெஞ்சல், நடந்து களைத்தோம் என்று. மறுத்தாள். பெண்டாட்டிக்குக் குளிர் தாங்காது என்று. மறுத்தாள். ஒவ்வொரு மறுப்புக்கும் கதவுக்கு வெளியே ஓர் எட்டு நெருங்கினார்கள். மரம் முனகியது. எத்தனை மறுத்தாலும் பாட்டு ஒரே இடத்துக்குத்தான் போகும்.

கடைசிக் கேள்வி முடிந்தது. குரல் இறங்கியது.

மீதி இருந்தது உள்ளே வாருங்கள் என்கிற அடி மட்டும். ஹசிந்தா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தங்கையின் வாய் விடுபட்டது.

"குளிர்ல நிக்கிறார்கா" என்றாள் மாரிக்ரூஸ். பிறகு பாடினாள். சன்னமாக, சந்தோஷமாக, அழுதுகொண்டே. ஹசிந்தா அவள் தோளைப் பிடிப்பதற்குள் எழுந்துபோய்த் தாழை நீக்கினாள்.

கதவு திறந்தது.

வாசலில் ஒருவரும் இல்லை.

பனி. தெருவிளக்கு. ஹசிந்தா வெளியே எட்டிப் பார்த்தாள். காலி மனைக்கு அந்தப் பக்கம் லாண்டரிச் சுவர். நிக்கனோர், ஒபீலியா. மற்ற இடமெல்லாம் வெறும் நீல வானம். அந்தரத்தில் இருந்த மாதாவும் இல்லை.

"மாரி" என்று திரும்பினாள்.

முன்னறைச் சுவரில் அவர்கள் நின்றார்கள். தரையிலிருந்து கூரை வரை, தோளோடு தோளாக, சாயம் பளபளக்க. மெழுகுவத்திகள் எரிந்தன. அந்த வெளிச்சம் தரையில் விழுந்தது. லௌரோ கயிற்றின் நுனியை நீட்டிக்கொண்டிருந்தான். மாரிக்ரூஸ் சுவரோரம் இருந்தாள். சேணத்தின்மேல் கை வைத்திருந்தாள். மணிக்கட்டு வரை சுவருக்குள்.

ஹசிந்தா மற்றக் கையைப் பிடித்து இழுத்தாள். வழுக்கியது. மறுபடி பிடித்தாள். உள்ளங்கை முழுக்கப் பழுப்பு நிறம். தங்கையின் தோலுக்கென்று அவளே கலந்து எடுத்த நிறம்.

கத்தினாள். பாட்டுப் பாடிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

கழுதைமேல் மாரிக்ரூஸ் உட்கார்ந்திருந்தாள். நீல முக்காடு. பிடரியில் ஒரு கை. தொங்கும் கால்கள். ஹசிந்தாவின் தூரிகை எழுதியது போலவே, ஒரு கோடு பிசகாமல். கண்கள் மட்டும் இன்னும் ஈரமாக, அக்காவைப் பார்த்து அசைந்தன.

ஹசிந்தா முக்காட்டின் மடிப்புமேல், வயிறு இருக்கிற இடத்தில் கை வைத்தாள். சூடு. சுவருக்குள்ளிருந்து ஏதோ அவள் உள்ளங்கையை உதைத்தது.

பக்கத்தில் ஹீட்டர் சீறியது. அதை நிறுத்தும் திருகு மாடி வீட்டுக்காரரிடம் இருக்கிறது. இந்தச் சாயம் சூட்டில் எவ்வளவு வேகமாகக் காயும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தங்கையின் பாதம் மங்கிவிட்டிருந்தது. பளபளப்பு போய், காய்ந்து, கெட்டியாக. அந்த மங்கல் கணுக்காலுக்கு ஏறுவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

சமையலறைக்கு ஓடினாள். பாத்திரம் துடைக்கும் துணியைத் தண்ணீரில் முக்கி, ஓடிவந்து, வயிற்றின்மேல் ஒற்றினாள். உதைத்தது. மறுபடி ஓடினாள். முக்கினாள். ஒற்றினாள். முழங்கால் காய்ந்துவிட்டது. கண்கள் அசைவதை நிறுத்திவிட்டன. அவை இப்போது லௌரோவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

முக்கினாள். ஒற்றினாள்.

இடுப்பு மங்கத் தொடங்கியது. உள்ளிருந்து உதைத்தது, முன்னைவிட மெதுவாக. ஹசிந்தா ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, ஈரத் துணியைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள்.